பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால்...

(நம் சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய குடும்பக் கூட்டத்தில், மும்பையில் பள்ளி ஆலோசகராகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளி ஆலோசகர் என்பவர் யார், அவர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி மகளிர் பிரிவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ஸ்கூல் கவுன்சிலர். சென்னையிலிருந்து வந்திருந்த என் அத்தையிடம் நான் கவுன்சிலராக இருக்கிறேன் என்று சொன்னபோது, "அப்படியா, எந்த வார்டு?" என்று கேட்டாள். ரோடு போடுவது, குழாயில் தண்ணீர் வரவழைப்பது எல்லாம் என் அதிகாரத்தில் இல்லை என்று அவளுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தை கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர்களில் பலருக்கும் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. பள்ளியிலிருந்து "கவுன்சிலர் உங்களைப் பார்க்க விரும்புகிறார்" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. அந்த பயம் தேவையில்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா கோபித்துக்கொண்டால் ஓடி ஒளிந்துகொள்ளப் பாட்டியின் புடவைத் தலைப்பு இருந்தது. அம்மாவிடம் சொல்ல முடியாததை அத்தையிடம் சொல்லலாம். பரீட்சையில் கோட்டை விட்டதை அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஒரு சித்தப்பா இருந்தார். குழந்தைக்கும் பெற்றோருக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் வேண்டப்பட்ட மூன்றாவது மனிதர் ஒருவர் எப்போதும் வீட்டுக்குள்ளேயே கிடைத்தார். இன்று இந்த ஊரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் மூன்று பேர் இருக்கிறோம். காலை லோக்கலைப் பிடித்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு. அந்த மூன்றாவது மனிதருக்கு இப்போது பள்ளியில் ஒரு மேஜை, நாற்காலி போட்டுச் சம்பளமும் கொடுத்திருக்கிறார்கள். என் உத்தியோகத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போகும் குழந்தைகள் யார் என்று யாரும் ஊகிக்க வேண்டாம். ஊகிக்கவும் முடியாது. அடையாளங்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். பள்ளிகளின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

யார் வருகிறார்கள்?

'பைத்தியம் பிடித்த குழந்தைகளும் ரௌடிக் குழந்தைகளும்தான் கவுன்சிலரிடம் போவார்கள்' என்று ஓர் எண்ணம் இருக்கிறது. என் அறைக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரணக் குழந்தைகள். அப்பாவுக்கு மாற்றலாகி வருஷத்தின் நடுவில் டெல்லியிலிருந்து வந்து சேர்ந்து, மராத்தி புரியாமல் திண்டாடும் பெண். உயிர்த் தோழி வேறொருத்தியோடு உட்கார ஆரம்பித்துவிட்டாளே என்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் குழந்தை. தாத்தா காலமான பிறகு வகுப்பில் வாயே திறக்காத பையன். கணக்கு என்றாலே கை நடுங்கும் பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. இவர்களில் பலருக்கு இரண்டு, மூன்று தடவை பேசினாலே போதும்.

சிலருக்கு அதிக நாள் ஆகும். இன்னும் சிலரை நான் வேறொருவரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பள்ளி ஆலோசகர் டாக்டர் இல்லை. மருந்து எழுதிக் கொடுக்க மாட்டார். எழுதிக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். அவர் குழந்தையோடு பேசுவார், சின்னக் குழந்தை என்றால் விளையாட வைத்தும் படம் வரைய வைத்தும் பார்ப்பார், வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார், டீச்சர்களிடம் விசாரிப்பார், உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். தேவைப்பட்டால் குழந்தை நல மருத்துவர், மனநல மருத்துவர், உளவியலாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் என்று யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் வழி காட்டுவார். அனுப்பியதோடு கைகழுவிவிடாமல், அவர்கள் சொன்னது வகுப்பறையில் நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

கேட்டால் ஒப்பிப்பான், பார்த்தால் படிக்க மாட்டான்

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். பாட்டி தினமும் சொல்லக் கேட்டுக் கேட்டே விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் பாதி அவனுக்குப் பாராமல் வரும். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். ஆனால் இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். 'பி'யும் 'டி'யும் இடம் மாறும். போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினால் பாதி எழுத்து காணாமல் போகும். வாயால் கேட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் பூஜ்யம். ரிப்போர்ட் கார்டில் மூன்று வருஷமாக ஒரே வாசகம்: கவனக்குறைவு, இன்னும் உழைக்க வேண்டும். வீட்டில் அதற்கு வைத்தியமாக இரண்டு ட்யூஷன் வைத்து, சாயங்கால விளையாட்டை நிறுத்திவிட்டார்கள். பாட்டி என்னிடம், "மூளை ஜாஸ்திதான் இருக்கு, உடம்புதான் வணங்க மாட்டேங்கறது" என்றார்.

பாட்டி சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. அந்தப் பையனுக்கு டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடு இருந்தது. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற ஹிந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். இது புத்திக் குறைவு அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. எழுத்தையும் அதன் ஓசையையும் இணைக்கும் வேலை மூளையில் வேறு விதமாக நடக்கிறது, அவ்வளவுதான். மாத்திரையால் தீராது. அதற்கென்று பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியர் வேறு முறையில் சொல்லிக் கொடுத்தால் நல்ல முன்னேற்றம் வரும். பொதுவாக எட்டு வயது வாக்கில்தான் இதை நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆகவே மூன்றாம், நான்காம் வகுப்பு மிக முக்கியமான காலம். ஒன்பதாவதில் கண்டுபிடித்தால், அதற்குள் அந்தக் குழந்தை தன்னை மக்கு என்று நம்ப ஆரம்பித்திருக்கும். அந்த நம்பிக்கையை மாற்றுவது, படிக்கச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்போம். பிறகு உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை செய்வார். சிறப்பு ஆசிரியர் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். இந்த ஊரில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் சயான் ஆஸ்பத்திரியிலேயே இதற்கென்று தனி கிளினிக் இருக்கிறது. அங்கே தரும் சான்றிதழைக் கொண்டு பரீட்சையில் சலுகைகள் கேட்கலாம். சி.பி.எஸ்.இ. போர்டில் மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். எழுதித் தருபவரை வைத்துக்கொள்ளலாம், சில மொழிப் பாடங்களில் விலக்கும் கேட்கலாம். விவரங்கள் போர்டுக்கு போர்டு மாறும், பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். இது தயவு தாட்சண்யம் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

நம் வீட்டுக் குழந்தைக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கூடவே ஹிந்தி. மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியும் உண்டு. ஓர் எழுத்து முறையிலேயே தடுமாறும் குழந்தையை மூன்று மொழிகளில், இரண்டு எழுத்து முறைகளில் மிதக்கச் சொல்கிறோம். மூன்றாவதாகத் தமிழ் எழுத்தையும் லீவில் கற்றுக் கொடுத்துவிட வேண்டும் என்று நமக்கு ஆசை. ஆசை நியாயம்தான். அந்தக் குழந்தைக்கு மட்டும் தமிழ் கொஞ்ச நாள் காதாலும் வாயாலும் போதும்.

அந்தப் பையனின் அப்பா என்னிடம் கேட்டார்: "ஸர்டிஃபிகேட் வாங்கிட்டா நாளைக்கு இவனுக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?" நான் சொன்னேன்: "முத்திரை ஏற்கெனவே குத்தியாச்சு ஸார். சோம்பேறின்னு வீட்டுல ஒண்ணு, கவனமில்லைன்னு ஸ்கூல்ல ஒண்ணு. இந்தக் காகிதம் அந்த ரெண்டையும் அழிக்கறதுக்கு." அவர் யோசிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். பிறகு வந்தார். ட்யூஷன் நின்றது, விளையாட்டு திரும்பியது. தாத்தா தினமும் பாடப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டினார். காதால் கேட்டு ஸஹஸ்ரநாமம் கற்ற பையனுக்கு சரித்திரமும் விஞ்ஞானமும் அதே வழியில் ஏறின. வாசிப்பு இன்றைக்கும் அவனுக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் வாசிக்க பயப்படுவதில்லை.

செய்தி கொண்டுபோன பெண்

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அடிக்கடி வயிற்றுவலி. ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்தாகிவிட்டது, உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கறா" என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். வகுப்பாசிரியையும் நானும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். ஒரே மாதத்தில் ஒன்பது நாள் வரவில்லை, அத்தனையும் திங்களும் வெள்ளியும்தான். மெதுவாக விசாரித்ததில், அந்த இரண்டு நாளும்தான் அப்பா வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. அம்மா எப்போதும் வீட்டில்தான்.

அம்மாவும் அப்பாவும் ஏதோ மனஸ்தாபத்தில் மாதக்கணக்காக நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. "அப்பாகிட்ட சொல்லு", "உங்கம்மாகிட்ட கேளு" என்று எல்லாச் செய்தியும் இந்தப் பெண் மூலமாகத்தான். அவள் என்னிடம் சொன்னாள்: "அப்பா சொன்னதை அப்படியே சொன்னா அம்மா அழுவா. அதனால நானே கொஞ்சம் மாத்திச் சொல்லுவேன். நான் ஸ்கூல்ல இருக்கறச்சே அவாளே நேரா பேசிண்டா சண்டை வரும், யாரு நிறுத்தறது?"

பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒரு குடும்பத்தையே தோளில் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த வலி நடிப்பு அல்ல. மனதின் பாரம் வயிற்றில் வலியாக வருவது குழந்தைகளிடம் சர்வ சாதாரணம், வலி நிஜமாகவே வலிக்கும்.

இங்கே ஆலோசகரின் வேலை என்ன? அப்பா பக்கமா அம்மா பக்கமா என்று தீர்ப்புச் சொல்வது அல்ல. முதலில் அந்தப் பெண்ணிடம், "இதில் எதை உங்கம்மா அப்பாவிடம் நான் சொல்லலாம்?" என்று கேட்டேன். அவள் சம்மதித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு இருவரையும் சேர்ந்து வரச் சொன்னேன். ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தேன். "ஒரு மாதத்துக்கு உங்களுக்குள் எந்தச் செய்தியையும் குழந்தை வழியாக அனுப்பாதீர்கள். பேசப் பிடிக்காவிட்டால் மொபைலில் மெஸேஜ் அனுப்புங்கள். எந்தச் சண்டைக்கும் அவள் காரணம் இல்லை என்று இரண்டு பேருமே அவளிடம் சொல்லுங்கள்." அவர்கள் மனஸ்தாபத்தைத் தீர்க்க எனக்குத் தகுதியும் இல்லை, நேரமும் இல்லை. அதற்குக் குடும்ப ஆலோசகர் ஒருவரின் முகவரி கொடுத்தேன். அடுத்த மாதம் அந்தப் பெண் வராத நாட்கள் இரண்டு. பெரியவர்கள் சமாதானம் ஆனார்களா என்று எனக்குத் தெரியாது. குழந்தை தபால்காரர் வேலையை விட்டுவிட்டாள், அது எனக்குத் தெரியும்.

எது ரகசியம், எது ரகசியம் அல்ல

ஒரு மாமி என்னைப் பார்க்க வந்தவர், நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் எழுந்தே விட்டார். "நம்மவாளா நீங்க? அப்போ வேண்டாம். நாளைக்கு நாலு பேர் காதுல விழுந்தா பொண்ணுக்கு ஜாதகம் எடுக்கறச்சே கஷ்டம்" என்றார். அவர் மனதில் பட்டதை வெளிப்படையாகச் சொன்னார். நம்மில் பல பேர் சொல்லாமலே எழுந்து போய்விடுகிறோம். ஆகவே இதை விவரமாகச் சொல்கிறேன்.

குழந்தை என்னிடம் சொல்வதை நான் டீச்சர்களின் அறையில் பேசக் கூடாது. என் குறிப்புகள் பூட்டிய அலமாரியில் இருக்கும். பள்ளியை விட்டுப் போகும்போது கொடுக்கும் லீவிங் ஸர்டிஃபிகேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட வராது. பெற்றோரான உங்களிடம் கூடக் குழந்தை சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்க மாட்டேன். "எங்க குழந்தை, எங்களுக்குத் தெரியக் கூடாதா?" என்று கோபப்படுவார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டிய சாரத்தை நிச்சயம் சொல்வேன். ஆனால் சொன்னதெல்லாம் அப்படியே வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால், அந்தக் குழந்தை அடுத்த தடவை வாயைத் திறக்காது.

மூன்று விஷயங்களில் மட்டும் ரகசியம் கிடையாது. குழந்தை தனக்கே தீங்கு செய்துகொள்ளும் அபாயம், பிறருக்குத் தீங்கு செய்யும் அபாயம், குழந்தைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற நிலைமை. இதை முதல் நாளே குழந்தையிடமும் சொல்லிவிடுவோம்.

மூன்றாவதைப் பற்றிச் சபையில் பேசக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டு வந்த போக்ஸோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரியவந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது ஆலோசகருக்கு மட்டுமல்ல, யாராக இருந்தாலும் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். 'நெருங்கிய சொந்தம், வீட்டோடு பேசி முடித்துக்கொள்ளலாம்' என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. குழந்தையின் மனதிலும் அது முடிவதில்லை. குழந்தையைக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இழுப்பார்களே என்று பயப்பட வேண்டாம். யூனிஃபாரம் போடாத அதிகாரி, கூடிய வரை பெண் அதிகாரி, குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும் என்றும், பத்திரிகைகளில் பெயர் வெளியாகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. குழந்தை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "அந்த மாமாவைப் போய் அப்படிச் சொல்லலாமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மார்க்கும் உயிரும்

இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது. பதினோராம் வகுப்புப் பையன். எட்டாவதிலிருந்தே ஐ.ஐ.டி. கோச்சிங். பத்தாவதில் தொண்ணூற்றைந்து சதவிகிதம். காலேஜும் கோச்சிங்கும் சேர்ந்த இடத்தில் சேர்ந்தபின் மார்க் இறங்கியது. மார்க்கை வைத்து அங்கே அவனை வேறு பாட்ச்சுக்கு மாற்றினார்கள். கிரிக்கெட் பார்ப்பதை நிறுத்தினான். ஆசையாக வாங்கிய கிடாரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். "இனிமே என்னால உங்களுக்குச் செலவு இருக்காது" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னான். அம்மாவுக்கு அந்த வார்த்தை உறுத்தியது. பழைய பள்ளியின் ஆலோசகர் என்ற முறையில் எனக்கு ஃபோன் செய்தார். அந்த அம்மாவை நான் இன்றும் மனதுக்குள் வணங்குகிறேன்.

அவனிடம் நான் சுற்றி வளைக்காமல், "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டேன். கேட்டால் எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் வந்ததே என்று குழந்தைக்கு மூச்சு வரும். அவன் ஆமாம் என்றான். அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். தனியாக விடக் கூடாது, வீட்டில் என்னென்ன பொருட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அப்பா, "எங்க பரம்பரையில இதெல்லாம் கிடையாது" என்றார். பரம்பரையில் சர்க்கரை வியாதி இல்லாத வீட்டிலும் ஒருவருக்கு வருகிறதே, அப்போது மருந்து சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன். சிகிச்சை பல மாதம் நடந்தது. அம்மா லீவு போட்டார். தாத்தா தினமும் சாயங்காலம் அவனோடு ஒரு வார்த்தையும் படிப்பைப் பற்றிப் பேசாமல் நடைப் பயிற்சி போனார். ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷத்தைப் பற்றி உறவினர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இன்று அவன் என்ன படிக்கிறான் என்று நீங்களும் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறான், அது போதாதா?

தேசிய குற்றப் பதிவுத் துறையின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதே ஆண்டில் பரீட்சையில் தோல்வி காரணம் என்று பதிவான மரணங்கள் 2,248. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் மரண வழக்கில், 2025ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று சுப்ரீம் கோர்ட் நாடு முழுமைக்கும் வழிமுறைகள் விதித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கை வைத்து பாட்ச் பிரிப்பதும், எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. கோச்சிங் கிளாஸ்களுக்கும் இது பொருந்தும். நீங்கள் பணம் கட்டும் கிளாஸில் இது நடக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீங்கள் செய்யக் கூடியவை

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

ஆலோசகர் கூப்பிட்டால் இரண்டு பேரும் வாருங்கள். அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் வந்து சொன்னதும் "நீ கெடுத்ததுதான்" என்று சொல்லும் அப்பாக்கள் நிறைய. தாத்தா பாட்டி வளர்க்கும் குழந்தை என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள். நான் சொன்ன மூன்று கதையில் இரண்டில் தாத்தாவின் பங்கைக் கவனித்திருப்பீர்கள்.

வீட்டில் பெரிய மாறுதல் எதுவானாலும் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மரணம், வேலை போனது, தம்பதிகள் பிரிந்தது, யாருக்காவது பெரிய வியாதி, எதுவாக இருந்தாலும். காரணம் தெரியாத டீச்சர் குழந்தையைத் திட்டுவார். தெரிந்த டீச்சர் தட்டிக் கொடுப்பார்.

ஆலோசகரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது ஆட்டோவிலேயே குறுக்கு விசாரணை வேண்டாம். "என்ன கேட்டா? நீ என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். "எப்போ வேணும்னாலும் எங்கிட்டயும் சொல்லலாம்" என்று ஒரு வரி போதும். அதேபோல, குழந்தையின் விஷயத்தை அதன் காதுபட உறவினரிடம் ஃபோனில் பேசாதீர்கள்.

நீங்களும் ஆலோசகரைக் கேள்வி கேளுங்கள். என்ன படித்திருக்கிறார், எத்தனை தடவை பார்ப்பார், எதை ரகசியமாக வைப்பார் என்று கேளுங்கள். உளவியலில் மேற்படிப்போ, ஆலோசனைத் துறையில் முறையான டிப்ளமாவோ இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் டீச்சருக்கே கவுன்சிலர் என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அப்படி இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்து கேளுங்கள். ஆயிரத்துக்கு மேல் குழந்தைகளுக்கு ஒரே ஒரு ஆலோசகர் என்றாலும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நிர்வாகம் அசையும். நாங்கள் கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள்.

பள்ளியில் ஆலோசகரே இல்லை, அல்லது நடுராத்திரி, என்ன செய்வது? 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் இது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு எந்த ஆபத்தானாலும் 1098. பரீட்சை சமயத்தில் சி.பி.எஸ்.இ. போர்டே 1998 முதல் தொலைபேசி ஆலோசனை நடத்தி வருகிறது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். நம் ஹாலின் அறிவிப்புப் பலகையில் பஞ்சாங்கக் குறிப்புக்குப் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்களையும் நிரந்தரமாக ஒட்டி வைக்க வேண்டும். வருஷா வருஷம் அதிக மார்க் வாங்கிய குழந்தைகளுக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம், சந்தோஷம். அந்த விழாவுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிடும் குழந்தைகளையும் நிர்வாகிகள் நினைவில் வைத்துக்கொண்டு, ரிஸல்ட் வந்த வாரத்தில் அவர்கள் வீட்டுக்கும் யாராவது பெரியவர் ஒரு நடை போய், ஒரு காபி சாப்பிட்டுவிட்டு, மார்க்கைப் பற்றிக் கேட்காமல் திரும்பி வந்தால் அது பெரிய உபகாரமாக இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சொந்தக் குழந்தையைப் பற்றிய கேள்வியானால் இங்கே சபையில் வேண்டாம், என்னைத் தனியாகப் பாருங்கள்.